மடுவத்துத் தராசு அளக்காத சுமை

சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் போயிருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாரே, தங்கைமாரே,

எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிற்ற, புளத்கொஹுபிட்டிய, பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, நிவித்திகலை என்று பரந்து கிடக்கும் தோட்டங்களில் பிறந்து, பெலிஹுல்ஓயாவில் விளையாட்டு விஞ்ஞானமும், இரத்தினபுரியில் மருத்துவமும், பேராதனையில் இயன்மருத்துவமும், மொறட்டுவையில் பொறியியலும் படிக்கப் போயிருக்கிறீர்கள். நீங்கள் எண்ணிக்கையில் குறைவு. நுவரெலியாவில் இருப்பதுபோல நம் சனம் இங்கே திரண்டு வாழவில்லை. கேகாலை, இரத்தினபுரி என்று இரண்டு மாவட்டங்களில் சிதறிக் கிடக்கிறது. அதனால் ஒரு பிள்ளை பல்கலைக்கழகம் போனால் அது ஒரு வீட்டின் சந்தோஷத்தோடு நிற்பதில்லை, தோட்டத்துக்கே ஒரு பலம். இறுதியாண்டு ஆய்வுக்கு என்ன தலைப்பு எடுக்கலாம் என்று உங்களில் சிலர் கேட்கிறீர்கள். அதற்கு என் பதிலை எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

உங்கள் ஆய்வுக்கூடத்து அலுமாரியில் ஓர் ஈ.எம்.ஜி. கருவி இருக்கும். மேற்பரப்புத் தசைமின்வரைவு என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். ஓட்டக்காரரின் தொடையிலும், பாரம் தூக்குபவரின் தோளிலும் ஒட்டி அளந்து பார்த்திருப்பீர்கள். அந்தக் கருவியைத் தேயிலை மலைக்கும் இறப்பர்த் தோட்டத்துக்கும் கொண்டுவாருங்கள் என்பதே என் வேண்டுகோள். கொழுந்து எடுக்கும் பெண்ணின் கழுத்திலும் தோளிலும் முன்கையிலும், பால் வெட்டுபவரின் இடுப்பிலும் அதை ஒட்டுங்கள். ஆனால் எப்படி ஒட்டுவது, எதை எழுதுவது, எதை எழுதக்கூடாது என்பதில் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவசரமாக எடுத்த ஓர் இலக்கம் நம் தாய்மாருக்கே எதிராகத் திரும்பிவிடக்கூடும்.

அடிப்படையை முதலில் சொல்லிவிடுகிறேன்; தோட்டத்திலிருந்து இதைப் படிக்கும் பெரியவர்களுக்கும் விளங்க வேண்டும். முண்ணாணிலிருந்து கிளம்பும் ஒவ்வோர் இயக்க நரம்புக்கலமும் தசையில் ஒரு தொகுதி நார்களை ஆள்கிறது; இரண்டும் சேர்ந்ததே ஓர் இயக்க அலகு. நரம்பு தூண்டியதும் அந்த நார்கள் வழியே ஒரு சிறு மின்மாற்றம் ஓடுகிறது. அப்படிப் பல தொகுதிகளின் மின்மாற்றங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்து தோல்வரை வந்து சேர்வதைத்தான் மேலே ஒட்டிய மின்வாய்கள் பிடிக்கின்றன. லேசான இறுக்கத்தில் அது மைக்ரோவோல்ற்றுக் கணக்கில் இருக்கும். முழுப் பலத்தோடு இறுக்கினால் சில மில்லிவோல்ற்றுகளைத் தொடும். சமிக்ஞையின் பெரும்பங்கு 20 முதல் 500 ஹேர்ட்ஸ் மீடிறனுக்குள் அடங்கும். எனவே வினாடிக்கு 1,000 தடவையாவது பதிவெடுக்க வேண்டும். விலை குறைந்த சில உணரிகள் இந்தச் சமிக்ஞையைச் சமப்படுத்தி, அதன் மேல்வரம்பை மட்டும் தருகின்றன. வகுப்பில் காட்டுவதற்கு அது நல்லது. களைப்பை ஆராயப் போகிறவருக்கு மூலச் சமிக்ஞையே வேண்டும்.

தவளைக் காலில் மின்சாரத்துக்கும் தசைக்கும் உள்ள உறவைப் பற்றி இத்தாலியின் லூயிஜி கல்வானி எழுதியது 1791இல். மனிதன் தானாக இறுக்கிய தசையிலிருந்து மின்சாரத்தைப் பதிவு செய்தவர் ஜெர்மனியின் எமில் டு புவா-றேமொன், 1849இல். தோலின் தடை குறுக்கே நிற்கிறது என்று கண்ட அவர், கையில் கொப்புளம் எழுப்பித் தோலை உரித்துவிட்டு அளந்தார். இன்று அற்ககோல் தடவிய பஞ்சால் துடைத்தால் போதும். ஆனால் தோல்தான் இந்த அளவீட்டின் முதல் சிக்கல் என்பது இன்றும் மாறவில்லை. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. காலை பத்து மணிக்கே முதுகு வியர்வையில் நனைந்துவிடும். குளிரூட்டிய அறையில் நாள்முழுக்க ஒட்டிக்கொண்டிருக்கும் மின்வாய், இறக்குவானை மலையில் ஒரு மணி நேரத்தில் வழுக்கும். வழுக்கிய மின்வாயும் ஒரு கோடு போடும். அந்தக் கோட்டைத் தசையின் உழைப்பு என்று எழுதிவிடக்கூடாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கொழுந்து எடுப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். தேயிலைச் செடியின் மேசை மட்டத்தில் இரண்டு கைகளும் ஓயாமல் ஓடும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் விரல்நுனியில் ஒடியும். கை நிறைந்ததும் தோளுக்கு மேலால் பின்னே போட வேண்டும். தலைப்பட்டியில் தொங்கும் கூடையானாலும், தோளில் மாட்டிய பையானாலும், பாரம் ஏறிக்கொண்டே போகும். கழுத்து முன்னே குனிந்திருக்கும். கால் சரிவில் ஊன்றி நிற்கும். இதில் எந்தத் தசையை அளப்பது? பெரும்பாலான ஆய்வுகள் மேற்தோளின் சரிவகத் தசையைத்தான் எடுக்கும். அது தோலுக்கு நேர் கீழே இருக்கிறது, எளிதில் அகப்படும். ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து உருவாக்கிய செனியம் பரிந்துரைகளிலும் அதற்கான இடம் தெளிவாக உண்டு: ஏழாம் கழுத்து முள்ளெலும்புக்கும் தோள் நுனி எலும்புக்கும் நடுவே, இரண்டு மின்வாய்களின் மையங்களுக்கு இடையே 20 மில்லிமீற்றர்.

அந்த ஒரு தசையோடு நின்றுவிட்டால் தப்பான படம் கிடைக்கும். தலைப்பட்டியில் பாரம் தொங்கும்போது தோளுக்கு வர வேண்டிய சுமையின் ஒரு பங்கு கழுத்துக்குப் போகிறது. தோளின் கோடு தாழ்ந்திருப்பதைப் பார்த்து, பட்டி போட்ட கூடை இலகுவானது என்று எழுதினால், கழுத்து சுமந்ததை மறைத்தவர் ஆவீர்கள். கழுத்தின் முன்புறம் ஆழத்தில் கிடக்கும் தசைகளை மேற்பரப்பு மின்வாயால் எட்டவே முடியாது. தோள்மூட்டைத் தாங்கும் ஆழத்துத் தசைகள் சிலவும் அப்படித்தான். கருவிக்கு அகப்படாத தசையும் வலிக்கும்.

நேபாளத்தில் நெற்றிப்பட்டியில் பாரம் சுமக்கும் கூலிகளைப் பற்றி 2005இல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆண்கள் சராசரியாகத் தம் உடல் எடையின் 93 சதவீதம் சுமந்தார்கள். அந்தச் சுமையோடு அவர்கள் செலவிட்ட சக்தி எதிர்பார்த்ததைவிடக் குறைவு. வியப்பான முடிவுதான். ஆனால் அங்கே அளந்தது சுவாசத்தை. குறைந்த சக்தியில் சுமப்பதும் கேடில்லாமல் சுமப்பதும் இரண்டு வேறு கேள்விகள். பழக்கப்பட்ட சனம், அவர்களுக்கு இது பாரமே இல்லை என்று தோட்டங்களில் காலம் காலமாகச் சொல்லிவருகிறார்கள். அந்தப் பேச்சுக்கு உங்கள் ஆய்வு இன்னொரு சான்றிதழாகிவிடக்கூடாது.

மழையைப் பற்றிச் சொன்னேன். அதில் இன்னொன்றும் இருக்கிறது. இந்தக் கடிதத்தை எழுதவைத்ததே அதுதான். மழைநாளில் கொழுந்து நனைந்திருக்கும். கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் நிறுக்கும்போது ஈரத்துக்கென்று ஒரு கழிவு, பைக்கென்று ஒரு கழிவு. கழித்தது போக மிஞ்சியதே எடுத்தவள் பேரில் ஏறும். இந்தக் கழிவு நியாயமா, எவ்வளவு நியாயம் என்பது தொழிற்சங்கங்கள் நெடுநாளாகப் பேசும் விஷயம். நான் கேட்பது வேறு. கழித்த அந்தக் கிலோக்களையும் ஒருத்தி மலையிலிருந்து மடுவம் வரை முதுகில் சுமந்து வந்தாளே, அதைத் தராசு கழித்தது, தோள் கழிக்கவில்லை. அந்தச் சுமைக்கு எந்தப் புத்தகத்திலும் கணக்கு இல்லை. ஈ.எம்.ஜி.யால் அதற்குக் கணக்கு வைக்க முடியும். ஒரே பெண், ஒரே மலை, ஒரே நெரை (தேயிலை வரிசை). காய்ந்த நாளில் ஒரு பதிவு, நனைந்த நாளில் ஒரு பதிவு. கூடவே கழிக்காத முழு எடை. இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், சம்பளப் பேச்சில் இதுவரை இல்லாத ஓர் இலக்கம் மேசைக்கு வரும்.

சம்பளம் என்றதும் நினைவுக்கு வருகிறது. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனது. 2024இல் அடிப்படை 1,350 ரூபா ஆனது. ஒவ்வொரு முறையும் நாடே அந்த ரூபாவைப் பற்றிப் பேசியது. ஆனால் அந்த ரூபாவைக் கையில் வாங்க எத்தனை கிலோ எடுக்க வேண்டும் என்ற 'நோர்ம்' பற்றித் தோட்டத்துக்கு வெளியே அவ்வளவாகப் பேச்சு எழவில்லை. நோர்ம் எட்டாவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். சம்பளம் கூடியபோது கிலோவையும் கூட்டினார்கள் என்ற முறைப்பாடு பல தோட்டங்களில் கேட்டது. 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின்கீழ் ரூபா தீர்மானமாகிறது. 1984இல் பெண்ணுக்கும் ஆணுக்கும் அது சமமானது. கிலோவை உடம்போடு வைத்துப் பார்த்தவர் யார்? சரிவு எவ்வளவு, மடுவம் எவ்வளவு தூரம், எடுப்பவளுக்கு வயது என்ன என்றெல்லாம் கேட்டு எந்த நோர்மும் வைக்கப்பட்டதாக நான் கண்டதில்லை.

இந்தப் பக்கம் எவரும் எட்டிப்பார்க்கவே இல்லை என்று சொல்லமாட்டேன். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் ஆர்.என்.சென்னும் அவர் குழுவினரும் கொழுந்து எடுப்போரின் வேலைச்சுமையையும் வேலைச்சூழலையும் ஆராய்ந்து 1983இல் 'எர்கொனொமிக்ஸ்' இதழில் எழுதினார்கள். தெற்குத் தாய்லாந்தில் பால் வெட்டுவோரைக் கிராமம் கிராமமாகப் போய்க் கேட்டு எழுதிய ஆய்வு 2012இல் வந்தது. அவர்களின் முறைப்பாடுகளில் இடுப்பு வலியே முதலிடம். தேயிலையும் இறப்பரும் ஒரே தோட்டத்துக்குள் அடுத்தடுத்துக் கிடக்கும் நம் சப்ரகமுவவுக்கு இரண்டும் பொருந்தும். காலையில் பால் வெட்டப் போகிறவர் இருக்கும் அதே வீட்டில்தான் கொழுந்துக்குப் போகிறவளும் இருக்கிறாள்.

இறப்பருக்கு வருவோம். இங்கேதான் நீங்கள் மிக எளிதாக ஏமாறக்கூடிய இடம் இருக்கிறது. ஒட்டுக்கன்றிலிருந்து வளர்ந்த மரத்தில் முதல் வெட்டு ஏறத்தாழ நான்கடி உயரத்தில் தொடங்கும். நாளுக்கு நாள் பட்டை சீவச் சீவ வெட்டு கீழே இறங்கும். சில ஆண்டுகளில் அது முழங்காலுக்குக் கீழே வந்துவிடும். முதலில் நிமிர்ந்து நின்று வெட்டியவர், பிறகு குனிந்து வெட்டுவார், கடைசியில் மடங்கி வெட்டுவார். நாளொன்றுக்கு ஏறத்தாழ முந்நூறு மரம். ஒவ்வொரு மரத்திலும் குனிவு, நிமிர்வு, அடுத்த மரத்துக்குச் சரிவில் நடை. பிறகு பால் வாளி.

முதுகின் கீழ்ப்பகுதியில், முள்ளந்தண்டின் இருபுறமும் ஓடும் தசையில் மின்வாய் ஒட்டி இதை அளந்தால் என்ன கிடைக்கும்? பாதி குனிந்தவரின் தசை உரத்துப் பேசும். முழுதாக மடங்கியவரின் தசை அடங்கிப்போகும். இதை 1950களின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தின் ஃப்ளொயிடும் சில்வரும் காட்டினார்கள். உடல் முழுக்க முன்னே மடங்கும்போது முதுகுத் தசை தன் வேலையைக் கைவிடுகிறது. பாரத்தைத் தசைநாண்களும் இணையங்களும் முள்ளந்தண்டின் வட்டுகளும் ஏற்றுக்கொள்கின்றன. திரையில் கோடு தட்டையாகக் கிடக்கும். கருவியை மட்டும் நம்புகிறவர் அதை ஓய்வு என்று எழுதுவார். உண்மையில் முள்ளந்தண்டுக்கு மிக மோசமான நேரம் அதுவே. இன்னும் ஒன்று: நாட்பட்ட இடுப்பு வலி உள்ள பலரிடம் இந்த அமைதி வருவதில்லை, மடங்கிய நிலையிலும் தசை இறுகியே இருக்கும். ஆக ஒரே கோடு இரண்டு பேரிடம் இரண்டு விதமாகப் பேசுகிறது. பக்கவாட்டில் ஒரு கமரா வைத்து முதுகின் கோணத்தையும் சேர்த்துப் பதியாமல் இடுப்பின் ஈ.எம்.ஜி.யை எடுக்கவே வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். களை பிடுங்குவதற்கும் கவ்வாத்து வெட்டுவதற்கும் இதே எச்சரிக்கை.

ஒரு நல்ல ஆய்வுக்குரிய ஏற்பாட்டை இறப்பர் மரமே செய்து வைத்திருக்கிறது. அதே ஆள், அதே கத்தி, அதே மணி. உயரப் பட்டை வெட்டும் பகுதியில் ஒரு பதிவு, தாழ்ந்த பட்டை வெட்டும் பகுதியில் இன்னொன்று. தாழ்ந்த பட்டைக்கு மரத்தின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டுமா என்ற கேள்விக்கு இதிலிருந்து ஒரு பதில் வரும். குருவிட்டையில் இறப்பர் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஓர் உபநிலையம் உண்டு. மரத்தின் நலனுக்காக அங்கே எத்தனையோ வெட்டு முறைகளைப் பரிசோதித்திருக்கிறார்கள். வெட்டுகிறவரின் முதுகுக்காகவும் ஒன்றைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். இரத்தினபுரியில் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் தாழ்நிலப் பிராந்திய நிலையமும் உங்களுக்குப் பக்கத்தில்தான்.

அடுத்தது, சதவீதக் கணக்கு. ஒருவரின் மைக்ரோவோல்ற்றை இன்னொருவரின் மைக்ரோவோல்ற்றோடு ஒப்பிட முடியாது. தோலின் தடிப்பு, அதன் கீழுள்ள கொழுப்பு, மின்வாய் ஒட்டிய இடம் எல்லாம் அதை மாற்றிவிடும். ஆகவே முதலில் ஒருவரை முழுப் பலத்தோடு இறுக்கச் சொல்லி, அதை நூறு என்று வைத்து, வேலையின்போது வருவதை அதன் சதவீதமாக எழுதுகிறோம். இந்த முறை உங்கள் பாடத்தில் இருக்கிறது. பாடத்தில் அவ்வளவாகச் சொல்லாத ஒன்றை, பல ஆண்டுகள் தோட்டத்துத் தோள்களைத் தொட்டுப் பார்த்த இயன்மருத்துவன் என்ற முறையில் சொல்கிறேன். வலி இருப்பவள் முழுப் பலத்தோடு இறுக்கமாட்டாள். வலிக்கும் என்று பயந்து பாதியில் நிறுத்துவாள். அவளுடைய நூறு உண்மையான நூறு அல்ல. இரத்தச்சோகையும் சத்துக்குறைவும் உள்ளவளின் நூறு உண்மையிலேயே சிறியது. முதலாமவளின் சதவீதம் உயர்ந்து தெரிந்தால் அது அளவீட்டுப் பிழை. இரண்டாமவளின் சதவீதம் உயர்ந்து தெரிந்தால் அது அவள் வாழ்க்கையின் உண்மை. இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டுச் சராசரி எடுத்துவிடாதீர்கள். வலியைப் பற்றிக் கேட்டு எழுதுங்கள். இரத்தச்சோகை பற்றி, அவர்கள் சம்மதித்தால், சிகிச்சை அட்டையைப் பாருங்கள். முழுப் பலத்துக்குப் பதிலாக, கையை நீட்டி ஒரு கிலோ எடையைப் பிடிக்கும்போது வரும் அளவை அடிப்படையாக எடுக்கும் முறையும் உண்டு. வலி உள்ளவர்களுக்கு அதுவே பொருத்தம்.

சரி, எத்தனை சதவீதம் அதிகம்? சுவீடனின் பெங்க்ட் ஜொன்சன் நாள்முழு வேலைக்கு ஓர் எல்லை வகுத்தார். வேலை நேரத்தின் பத்தில் ஒன்பது பங்கிலும் தசை குறைந்தபட்சம் தாங்கிக்கொண்டிருக்கும் நிலைச்சுமை 2 சதவீதத்தைத் தாண்டாதிருப்பது நல்லது, 5 சதவீதத்தை எக்காரணம் கொண்டும் தாண்டக்கூடாது என்றார். இரண்டு சதவீதம்! படிக்கும்போது நம்ப முடியாத அளவு சிறிய எண். கூடை நிரம்பிய வேளையில் எழும் உச்சத்தை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இந்த எண் கண்ணில் படாது. பாரம் இல்லாத நேரத்திலும் கழுத்தும் தோளும் கைகளை முன்னே ஏந்திப் பிடித்திருக்கின்றனவே, அந்தச் சிறு இறுக்கம்தான் நாளெல்லாம் நீடிக்கிறது.

சிறு இறுக்கம் ஏன் கெடுக்கும் என்பதற்கும் விளக்கம் உண்டு. தசையைத் தூண்டும்போது சிறிய இயக்க அலகுகளே முதலில் எழும்புகின்றன, பெரியவை பின்னால்தான் வருகின்றன என்பது உடலியலாளர் ஹென்னமன் கண்ட ஒழுங்கு. இறுக்கம் தளரும்போது சிறியவை கடைசியில்தான் ஓய்கின்றன. ஆக லேசான வேலை நாள்முழுக்க நீடித்தால், அதே சில நார்கள் மட்டும் ஓய்வே இல்லாமல் உழைத்துக் கெடுகின்றன. சுவீடனின் ஹெக் 1991இல் இதற்கு சின்ட்ரெல்லாவின் பெயரையே வைத்தார். விடிய முதல் எழும்பி, எல்லோரும் படுத்த பிறகு படுக்கும் பெண். லயத்துப் பிள்ளைகளுக்கு அவளைத் தெரிய வேறு நாட்டுக் கதை வேண்டியதில்லை. நோர்வேயில் பொதி கட்டும் பெண்களை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து பின்தொடர்ந்த வெயர்ஸ்டட்டும் குழுவினரும் 1990களின் தொடக்கத்தில் கண்டதும் இதையே: தோள் தசை அடிக்கடி கணநேரம் மௌனமாகும் பெண்களைவிட, அந்த இடைவெளி குறைந்த பெண்களுக்கே வலி வந்தது.

இதிலிருந்து உங்களுக்கு ஒரு கடமை வருகிறது. பத்து நிமிடம் கொழுந்து எடுக்கச் சொல்லிப் பதிந்துவிட்டு ஆய்வை முடிக்காதீர்கள். பிரட்டுக்கு (காலையில் பேர் பதியும் இடத்துக்கு) போகுமுன் அடுப்படியில் தேங்காய் துருவுவது, தண்ணீர் தூக்குவது, மலையேறுவது, மடுவத்துக்கு இறங்குவது, மாலையில் விறகு கட்டிவருவது, துணி துவைப்பது வரை ஒரு முழு நாளைப் பதியுங்கள். கையடக்கப் பதிவுக்கருவிகள் இன்று அதற்கு இடம் தருகின்றன. எத்தனை இடைவெளி, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் என்று எண்ணுங்கள். தோட்டக் கணக்கில் வேலை எட்டு மணி நேரம். தோளின் கணக்கில் எத்தனை என்பதை உங்கள் பதிவு சொல்லட்டும்.

களைப்பை அளக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. தசை களைக்கும்போது மின்மாற்றம் நார்வழியே ஓடும் வேகம் குறைகிறது. சமிக்ஞையின் நடு மீடிறன் கீழே இறங்குகிறது. ஆனால் கை ஓடிக்கொண்டேயிருக்கும் வேலையில் இதைக் கணிப்பது நம்பத்தக்கதல்ல. தசையின் நீளமும் மின்வாய்க்குக் கீழுள்ள இடமும் மாறிக்கொண்டேயிருக்கும். அசையாமல் பிடிக்கும் ஒரு பரீட்சை வேண்டும். அதற்குத் தோட்டமே ஒரு நேரசூசி வைத்திருக்கிறது. ஒவ்வொரு நிறுவைக்கும் எல்லோரும் மடுவத்துக்கு வருகிறார்கள். பையை இறக்கியதும், கையைத் தோள் மட்டத்தில் நீட்டிச் சில வினாடிகள் பிடிக்கச் சொல்லி ஒரு பதிவு. காலை நிறுவை, மதிய நிறுவை, மாலை நிறுவை. மூன்றையும் ஒப்பிட்டால் போதும். மின்கம்பிக்குக் கீழே நின்று எடுக்காதீர்கள், 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் வந்துவிடும். இடது தோளில் இதயத் துடிப்பும் சேர்ந்து பதியும் என்பதை மறவாதீர்கள். பத்து மைக்ரோவோல்ற்றைத் தேடும் இடத்தில் அது பெரிய கலப்படம்.

கத்தரியாலும் பற்றரி இயந்திரத்தாலும் கொழுந்து வெட்டும் முறை பரவிவருகிறது. ஆள் பற்றாக்குறைக்கு அதுவே தீர்வு என்கிறார்கள். எனக்கு அதில் எதிர்ப்பில்லை. ஆனால் விரலின் வேலை குறையும்போது தோளின் வேலை கூடுகிறதா, கத்தரியின் எடையை நீட்டிய கை எவ்வளவு நேரம் தாங்குகிறது, இயந்திரத்தின் அதிர்வு முன்கையை என்ன செய்கிறது என்பதையெல்லாம் அளந்து பார்த்த பிறகே நோர்மைக் கூட்ட வேண்டும். இயந்திரம் வந்த மறுநாளே கிலோவைக் கூட்டுவது சரியில்லை.

இப்போது, மின்வாயை ஒட்டப்போகும் உடம்பைப் பற்றி. தோளிலும் முதுகிலும் ஒட்டுவதென்றால் சட்டையை விலக்க வேண்டும். பெண் ஆய்வாளர்தான் ஒட்ட வேண்டும். பிள்ளை மடுவத்தின் உள்ளறை போன்ற மறைவான இடம் வேண்டும். தம்பிமார் கணினிப் பக்கம் இருக்கட்டும். கங்காணியோ கணக்கப்பிள்ளையோ வெளிக்கள உத்தியோகத்தரோ கூட்டிவந்து நிறுத்தியவளின் சம்மதம் சம்மதமாகாது. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. லயத்துக்குப் போய், வீட்டில் இருத்திப் பேசுங்கள். பத்திரத்தைத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். கேகாலையிலும் இரத்தினபுரியிலும் நம்மோடு நெரை பிடிக்கும், பால் வெட்டும் சிங்களச் சகோதரிகளும் உண்டு, அவர்களுக்குச் சிங்களத்தில். அவர்கள் தோளும் இதே தோள்தான். அவர்களை விட்டுவிட்டு எடுக்கும் ஆய்வு பாதி ஆய்வு.

பரிசோதனைக்காக நின்ற நேரத்துக்கு எத்தனை கிலோ போகும் என்று முதலிலேயே கணக்குப் பார்த்து, அந்தக் காசை ஆய்வு நிதியிலிருந்து கொடுங்கள். உங்களால் ஒருத்திக்கு அரைப்பேர் விழக்கூடாது. பெயரோடு கூடிய எந்தப் பதிவையும் நிர்வாகத்திடம் கொடுக்காதீர்கள். யாருடைய தசை பலமானது, யாருடையது பலவீனமானது என்ற பட்டியல் ஒருமுறை அலுவலகத்துக்குப் போய்விட்டால் ஆள் தெரிவுக்கு அது பயன்படும். வேலையை மனிதருக்கு ஏற்றபடி மாற்றவே இந்த அளவீடு. வேலைக்கு ஏற்ற மனிதரைப் பொறுக்கி எடுக்க அதைக் கொடுக்கிறவர் நம் பிள்ளையாக இருந்தாலும் நான் எதிர்த்து நிற்பேன்.

இந்த ஆய்வுக்கு வேண்டிய அறிவு நம் நாட்டிலேயே இருக்கிறது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் ருவன் கோபுர, ஜப்பானின் சாகாப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, கையின் தசைச் சமிக்ஞையைக் கொண்டே இயங்கும் மேலங்க இயந்திரம் ஒன்றை உருவாக்கிய குழுவில் ஒருவர். அதைப் பற்றி 2009இல் எழுதினார்கள். பலவீனமான கையை எழுப்பும் இயந்திரத்துக்கு ஈ.எம்.ஜி.யை வாசிக்கத் தெரிந்தவர்கள் இருக்கும் தேசத்தில், உழைத்துப் பலவீனமாகும் கையை வாசிக்கவும் முடியும். சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு விஞ்ஞானத் துறைக்குப் பலாங்கொடைத் தோட்டங்கள் பக்கத்தில். இரத்தினபுரி மருத்துவ பீடத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவிடம் உங்கள் திட்டத்தைச் சமர்ப்பியுங்கள். பொறியியல் படிக்கும் ஒருவர், இயன்மருத்துவம் படிக்கும் ஒருவர், விளையாட்டு விஞ்ஞானம் படிக்கும் ஒருவர் என்று சேர்ந்து செய்யுங்கள். தனியே செய்தால் மின்வாய் சரியாக இருக்கும், கேள்வி பிழைத்துவிடும். அல்லது கேள்வி சரியாக இருக்கும், சமிக்ஞை குப்பையாகிவிடும்.

பெரிய எண்ணிக்கை வேண்டாம். ஒரே தோட்டத்தில், சம்மதித்த சில பெண்களை, மழைக்கும் வெயிலுக்கும், முழு நாள் பதியுங்கள். முழு எடையையும் கழித்த எடையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். முதுகின் கோணத்தைச் சேர்த்துப் பதியுங்கள். வலியை அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்த கையோடு, தமிழிலும் சிங்களத்திலும் நான்கு பக்கத்தில் ஒரு சுருக்கம் எழுதி, அளவீட்டுக்கு உடம்பைத் தந்த பெண்களுக்கு மடுவத்தில் முதலில் வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் இணங்கினால் அடுத்த பிரதியைத் தொழிற்சங்கங்களுக்கும் தொழில் திணைக்களத்துக்கும் அனுப்புங்கள். அடுத்த முறை நோர்ம் பற்றிப் பேச உட்காரும்போது அந்த நான்கு பக்கமும் மேசையில் இருக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்,
கேகாலை மாவட்டத் தோட்டமொன்றில் பிறந்த ஓர் இயன்மருத்துவன்